கலயத்துக்குள் சித்தப்பா

சித்தப்பாவைக் கடலில் கரைத்து ஒரு மாதம் கழித்து, அவரை நான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று மதியம் எங்கள் குளியலறையில் இருந்திருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

சித்தப்பா எங்களோடு சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தார். தேக்கா சந்தைக்குப் போனால், சாலையைக் கடக்கும்போது என் சுட்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்வார். முழுக்கையை நீட்டினாலும் வாங்க மாட்டார். "ஒரு விரல் போதும்டா, மீதியை நீயே வச்சுக்கோ" என்பார். ஒருநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அஸ்தியை மண்கலயத்தில் இட்டு, வாயைச் சிவப்புத் துணியால் கட்டி, சாங்கிக் கடலில் விட்டார்கள். விட்டபின் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் பார்த்துவிட்டேன். கலயம் மூழ்காமல் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்ததால்தான் அவரால் போக முடியவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அதே நினைப்புதான்.

சாங்கிக் கரையில் வாழும் உயிர்களைக் கணக்கெடுக்கும் ஆர்வலர் குழு ஒன்று இருந்தது. எங்கள் கலயங்களும் மாலை நாரும் பிளாஸ்டிக் பைகளும் கடற்புல்லில் சிக்கிக் கிடக்கின்றன என்று அவர்கள் எங்கள் கோயிலுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். நிர்வாகத்தினர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வடையும் டீயும் கொடுத்து, ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தண்ணீர் வற்றும் காலை நேரத்தில், இரு தரப்பும் சேர்ந்து கரையைச் சுத்தம் செய்ய வேண்டும். அவர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். நாங்கள் மடித்துக் கட்டிய வேட்டியோடும் முறுக்கு டப்பாவோடும் போனோம். கடலில் கால் நனைக்கவே யோசிக்கும் அப்பா, தம்பிக்குச் செய்யும் காரியம் என்று பெயர் கொடுத்து என்னையும் கூட்டிப்போனார்.

குழுவை நடத்தியவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார். "கலயம், சிரட்டை எது கெடந்தாலும் தொடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் டார்ச் அடிச்சுப் பாத்து, உள்ள ஒண்ணும் குடியில்லன்னாதான் எடுக்கணும், ஓகே?"

நான் தலையாட்டினேன். அரைமணி நேரத்தில் ஒரு பாறையடியில் அந்தக் கலயத்தைக் கண்டேன். தேங்காய் அளவுதான். கழுத்தில் கிழிந்த சிவப்புத் துணி. எல்லாக் கலயத்துக்கும் சிவப்புத் துணிதான் கட்டுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "சித்தப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டு, வாய்க்குள் சுட்டுவிரலை விட்டேன்.

உள்ளிருந்து குளிர்ச்சியாக ஏதோ ஒன்று விரலைச் சுற்றிப் பிடித்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கடல்தண்ணீர் நிரப்பிய என் விளையாட்டு வாளிக்குள் கலயத்தை இறக்கி, மேலே துண்டைப் போட்டு மூடினேன். ரயிலில் அப்பா வழக்கம்போல் தூங்கிவிட்டார். மடியில் இருந்த வாளி, சுவா சூ காங் வரும்வரை உள்ளேயிருந்து அசைந்துகொண்டே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்த பிறகு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துண்டை விலக்கினேன். கலயத்தின் வாய் அடைபட்டிருந்தது. உடைந்த சிப்பித்துண்டுகளை யாரோ உள்ளிருந்து அடுக்கிக் கதவு போட்டிருந்தார்கள். இடுக்கு வழியாக ஒரு கண் என்னைப் பார்த்தது. அதன் கருவிழி வட்டமாக இல்லை, குறுக்கே கிழித்த கோடாக இருந்தது. செத்துப்போனால் கண் மாறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குறைந்திருந்ததால் குழாய்த் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். சிறிது நேரத்தில் சிப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வாளிக்குள் விழுந்தன. அந்தச் சின்னச் சத்தத்துக்குத்தான் அம்மா எழுந்து வந்தார்.

கலயத்திலிருந்து நீண்டிருந்த செங்கல் நிறக் கை ஒன்று, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துக்கொண்டு வந்தது.

"என்னடி இது?"

"சித்தப்பாம்மா. வீட்டுக்கு வந்துட்டாங்க."

அம்மா திட்டவில்லை. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நொடி, அவரும் அதை நம்பிவிட்டாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்பா வந்து பார்த்தார். நேரே போய் அக்காவுக்கு போன் போட்டார். அக்கா சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "அது ஆக்டோபஸ் அங்கிள். உள்ள மேல்பக்கமா அரிசி மாதிரி ஏதாச்சும் தொங்குதா பாருங்க."

அப்பா போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். கலயத்தின் உட்சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாக அரிசி தொங்கியது. மயானத்துக்குக் கொண்டுபோகுமுன் சித்தப்பாவின் வாயில் எல்லோரும் அரிசி போட்டதை நான் பார்த்திருந்தேன். அது அவரேதான் என்பதில் இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

"முட்டை அது. உடனே கொண்டு வாங்க லா அங்கிள். அம்மா ஆக்டோபஸை வெளிய மட்டும் எடுத்துடாதீங்க."

டாக்சியில் சாங்கிக்குத் திரும்பினோம். வாளி இப்போது அசையவில்லை. அப்பா வழியெல்லாம் வாளியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. அக்கா இடுப்பளவு ஆழத்தில் இறங்கிப்போய், நான் காட்டிய பாறையடியில் கலயத்தை வைத்துவிட்டு வந்தார்.

"பொழைச்சுடுமா?" என்று அப்பா கேட்டார்.

"பாக்கலாம் அங்கிள்."

எனக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. ஏற்கெனவே செத்துப்போனவர் எப்படிப் பிழைப்பார்?

அடுத்த மாதம் அப்பா என்னை மறுபடி கூட்டிப்போனார். அக்கா அந்தக் கலயத்துக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"போயிட்டாங்களாக்கா?" என்றேன்.

"போயிட்டாங்கடா."

"அரிசி?"

"அதுவும் இல்ல."

நான் கைதட்டிக் குதித்தேன். சித்தப்பாவுக்கு என்மேல் கோபமில்லை, அவர் நல்லபடியாகப் போய்விட்டார் என்று அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அக்கா கலயத்தைக் குப்பைப்பையில் போட்டுவிட்டு என் தலையில் கைவைத்தார். பிறகு அடுத்த பாறைக்கு நடந்துபோனார்.

இப்போது அந்தக் கரையில் நானும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். தாய் ஆக்டோபஸ் இரைக்குக்கூட வெளியே போகாமல், முட்டைகள் பொரியும்வரை காவல் இருக்கும் என்றும், சமையல் உப்பைக் கரைத்த குழாய்த் தண்ணீரில் அதனால் பிழைக்க முடியாது என்றும் எனக்குத் தெரியும். பொரித்திருந்தால் கிழிந்த உறைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தாய் செத்துவிட்டால், மீன்களும் நண்டுகளும் இரண்டே நாளில் சுவரை வழித்துத் தின்றுவிடும். அக்கா பார்த்தது சுத்தமாக வழிக்கப்பட்ட சுவர். பாறையடியில் என் விரலைச் சுற்றிய கை, பிள்ளைகளைத் தொடாதே என்று என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அதைப் பாசம் என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.