மார்கழியில் வந்த போன்

ஸ்டெல்லா கொண்டுவந்து கொடுத்த அதிரசத்தை நான் இரண்டு நாள் தொடவே இல்லை. டப்பாவைத் திறந்தாலே வயிறு எரிந்தது. அதிரசத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. எரிச்சலெல்லாம் ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த வேலையின் மேல்தான்!

முதலில் இருந்து சொல்கிறேன். பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியைத் தவிர எனக்கு ஓர் ஆபீஸ் வேலையும் இருந்தது உங்களுக்குத் தெரியும். தீபாவளி முடிந்த கையோடு எங்கள் கம்பெனி புதுக்கோட்டைக் கிளையை இழுத்து மூடிவிட்டது. நானும் பக்கத்து சீட் ஸ்டெல்லாவும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம். ஸ்டெல்லா ஆவூர்க்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்கு கம்ப்யூட்டரில் லெட்டர் அடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் - இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை சீசனில் வேலை தேடியிருக்கிறீர்களா? தேடாதீர்கள். "கிறிஸ்மஸ் முடியட்டும் மேடம்." "நியூ இயர் போகட்டும்." "பொங்கல் கழிச்சுப் பாப்போங்க." மெயில் போட்டால் அடுத்த நொடியே பதில் வரும். ஆஹா என்று திறந்தால்... 'நான் விடுமுறையில் இருக்கிறேன்!' ஊரே லீவில் இருக்கிறது, நான் மட்டும் லீவு வேண்டாம் என்று அலைகிறேன். எங்கள் திருக்கோகர்ணத்தில் டிபன் பாக்ஸோடு டவுன் பஸ் ஏறுகிற யாரைப் பார்த்தாலும் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் வேலை காலி என்று தெரிந்தது. நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்தேதான் இன்டர்வியூவுக்குப் போனோம். மறுநாள் எனக்குத் தாளாளரே போன் செய்தார்.

"திங்கக்கிழமையே வந்து சேந்துர்றீங்களாம்மா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா?

"மார்கழியா இருக்கேங்க சார்... தை ஒண்ணாந்தேதி வந்துரட்டுமா?"

"சரிங்கம்மா, பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

மாமியார் மேல் பழி போடலாம் என்றால் அவர் அன்று வீட்டிலேயே இல்லை. நல்ல நேரம் பார்ப்பவர்களை இதே பக்கத்தில் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று சின்ன வயதில் வீட்டில் கேட்டது. அது எனக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த வாரமே கிறிஸ்மஸ் லீவு வேறு!

கிறிஸ்மஸுக்கு மறுநாள் பலகார டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். போனில் அவளுடைய புது ரூமைக் காட்டினாள். தனி ரூம், சுழல் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குப் போன் வரலையாக்கா? ஒங்கள நெனச்சுத்தான் எனக்குச் சங்கடமா இருக்கு."

"வரலையே" என்றேன், கூசாமல்.

அவள் சந்தோஷத்தில் நானும் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்வானேன்? அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, வேப்பமரம் இருந்தால் கொசு நிறைய வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை பிறந்தது. பொங்கலும் முடிந்தது. லீவு முடிந்து திரும்பியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் சொன்னார்கள்: "போஸ்டிங் ஃபில் ஆயிருச்சுங்க மேடம்."

போன வாரம் ஸ்டெல்லாவின் போன்.

"அக்கா, எனக்குக் கீழ அசிஸ்டென்ட் ஒருத்தர் வேணும். சார் ஒங்க பேரைத்தான் சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல ஒங்களத்தான் கூப்பிட்டாங்களாமே? மார்கழின்னு சொன்னீங்களாமே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லவேளை, வீடியோ கால் இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா..." என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்! "செவ்வாக்கிழமை மூணு மணிக்கு இன்டர்வியூ. நாந்தான் எடுக்கணுமாம். ராகுகாலம்... பரவாயில்லையா?"

நான் சொல்லிக்கொடுத்த பெண். எனக்கு வந்த நாற்காலி. அதற்கு எதிரே போய் நான் உட்கார வேண்டும். போகாதே என்றது ரோஷம். மூன்று மாதமாக வீட்டில் இருக்கும் சலிப்பு அதைவிடப் பெரியதாக இருந்தது.

"ரெண்டரைக்கே வந்துர்றேன்" என்றேன்.

"அப்படியே என் டப்பாவையும் எடுத்துட்டு வந்துருங்கக்கா!"

டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுக்கலாம்தான்... ஆனால், இன்டர்வியூ எடுக்கிற அதிகாரிக்கு அது லஞ்சம் ஆகிவிடாதா?