கவாலாக்காரரின் பருப்பு சூப்

போன வாரம் மகள் கிரீஸிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். கவாலா என்கிற துறைமுக ஊர். நடுவே வீடுகளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் கல் வளைவுகள். ஒரு காலத்தில் மலைத் தண்ணீர் அவற்றின் மேல்தான் ஊருக்குள் வந்ததாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வளைவுகளைப் பற்றி அமெரிக்காவில் டைனர் என்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடை நடத்திய கிழவர் ஒருவர் சொன்னபோது, நன்றாக அளக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் அங்கே பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். மனைவி வசந்திக்கு அப்போது மசக்கை. தாளிக்கிற வாசனையே குமட்டியது, ரசம்கூட உள்ளே தங்கவில்லை. துரும்பாக இளைத்துப்போனாள். நெடுஞ்சாலை ஓரத்து டைனரைத் தாண்டும்போது மட்டும் அவளுக்குப் பசிக்கும். எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப் வாசனை. நாங்களோ சைவம். சைவம் என்று சொல்லிவிட்டுக் கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றிவிடுவார்கள் என்று ஆபீஸில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் வேறு பிறவியிலேயே சந்தேகப் பிராணி.

டைனர் முதலாளியான அந்தக் கிரேக்கக் கிழவரிடம் சூப்பில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். கவாலாவைத் துருக்கியர் ஆண்ட கதையைச் சொன்னார். எந்தக் கரண்டியால் கிளறுவீர்கள் என்றால், புகையிலை ஏற்றிப் போன கப்பல்களுக்குத் தாவினார். சூப்பைக் கேட்டால் சரித்திரம் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். காபியை மட்டும் குடித்துவிட்டு வருவேன்.

ஒருநாள் காரில் வசந்தி பொறுமை இழந்தாள். “உங்க என்கொயரி முடியறதுக்குள்ள கொழந்தையே பொறந்துடும். நான் உள்ள போறேன்.”

கிழவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். சமையலறைக்கே கூட்டிப்போய்ப் பாத்திரத்தைத் திறந்து காட்டினார். இது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்; இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டோம் என்றார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினேன். அவருக்குக் கோபமே இல்லை. அவருடைய அப்பா கடலின் எதிர்க்கரையான துருக்கியிலிருந்து அகதியாகக் கவாலாவில் வந்திறங்கிப் புகையிலைக் கிடங்கில் தங்கினாராம். அவர் தொட்ட பாத்திரத்தில் உள்ளூர்க்காரர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பிற்பாடு அவர்களுக்கே சூப் விற்றுப் பிழைத்தாராம்.

வசந்தி குடித்தாள். உள்ளே தங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் என் கிண்ணத்தைக் கிளறி, எலும்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

நோன்பு முடிந்த பிறகும் அவளுக்கென்று தனியாக ஒரு பாத்திரம் வைத்தார். பிரசவம் வரை அதுதான் அவளைத் தாங்கியது.

மகளுக்குத் தலை நின்றதும் அவரிடம் காட்டத் தூக்கிப் போனோம். டைனர் மூடிக் கிடந்தது, கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். இப்போது அங்கே ஒரு வங்கி இருக்கிறது. அன்று பக்கத்து பெட்ரோல் பங்கில், அவர் எங்கே போனார் என்று விசாரித்தேன். யாரைக் கேட்கிறீர்கள், பெயர் என்ன என்றான் அங்கிருந்தவன்.

அதை மட்டும் நான் கேட்டதே இல்லை.