சப்பாத்துக்குப் பூசிய பால்

காலுக்குச் சப்பாத்து வாங்கியது என் யோசனை. என் மனைவி ஒருநாளும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. செமிலிங் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களையெல்லாம் பெயர்த்து, ஒரு மேட்டின் மேல் முள்கம்பிக்குள் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். பால் ஸ்டோருக்குப் போகிற பழைய பாதை சமதரை. அதை வேலி குறுக்கே மறித்துவிட்டது. மரங்களிலிருந்து சேர்த்த ரப்பர்ப் பாலை இனிமேல் மேடேறி, அந்தப் பக்கம் புதிதாக வெட்டிய செம்மண் சரிவில்தான் இறக்க வேண்டும். மழை பெய்தால் அந்தக் களிமண் சவுக்காரம் தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும்.

பெண்கள் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். கால்விரல்களை அகல விரித்து, பெருவிரலை மண்ணுக்குள் குத்தி, குதிகாலை அழுத்தி வைத்து, தோளில் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்விடுவார்கள். என் மனைவியும் அப்படித்தான். ஏழு மாத வயிற்றோடும் அப்படித்தான் போனாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒருநாள் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்புல ரத்தமே இல்லயேய்யா! வெறுங்கால்ல சேத்துல நடந்தா கொக்கிப்புழு ஏறாம என்ன செய்யும்? மொதல்ல சப்பாத்து வாங்கிக் குடு."

எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமையே சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறிப்போய் ஒரு ஜோடி கேன்வாஸ் சப்பாத்து வாங்கி வந்தேன். ரப்பர் அடி, அடியில் வரிவரியாகப் பள்ளம்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? பாலுக்காக மரப்பட்டை வெட்டுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பால் பூசத்தான் கை வரும். ஒழுகுகிற குடை, கிழிந்த மழைச்சட்டை, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான் வைத்தியம். தண்ணீர் புகக் கூடாது, முள் ஏறக் கூடாது என்று சப்பாத்தின் மேலும் அடியிலும் நாலு தரம் பால் பூசி, அடுப்புப் புகையில் காயவைத்தேன். பள்ளமெல்லாம் நிரம்பி அடி வழவழவென்று ஆகிவிட்டது. லயத்துச் சிமெண்டுத் தரையில் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். கிறீச் கிறீச்சென்று தரையைக் கவ்வியது. "பாத்தியா, எப்படிப் புடிக்குது!" என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காய்ந்த தரையில் ரப்பர் பிடிக்கத்தான் செய்யும். ஈர மண்ணில் தண்ணீரும் சேறும் ஒதுங்கிப் போவதற்குத்தான் அந்தப் பள்ளங்களை வைத்திருக்கிறார்கள் என்பது ரப்பரிலேயே சோறு தின்ற எனக்குத் தெரியவில்லை. மடையன்!

முதல் மழை நாளிலேயே அவள் சொன்னாள். "வழுக்குதுங்க. வெரல எங்க ஊணுறதுன்னே தெரியல. கழட்டிடவா?"

"வாங்கிக் குடுத்தா போட்டுக்கத் தெரியாதா ஒனக்கு? புதுசுல அப்படித்தான் இருக்கும். பிள்ள வேணுமா, வேணாமா?" என்று கத்தினேன். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவள் காண்டாவைத் தோளில் ஏற்றினாள்.

பாதிச் சரிவில் கால் முன்னால் போய்விட்டது. இடுப்பு அடிபட விழுந்து, வாளிகளோடு அடிவரைக்கும் உருண்டாள். பின்னால் வந்த நான் என் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன ஓடி என்ன.

மறுநாள் காலையில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை.

இடுகாடு கம்பிக்கு வெளியே இருந்தது. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற எந்த மூட்டையையும் கேட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். நான் கையில் வைத்திருந்த வெள்ளைத் துணியைக் காட்டி, உள்ளே என்ன என்று காவலுக்கு நின்ற மலாய்க்காரர் கேட்டார். நான் அதை அவர் முன்னால் நீட்டினேன். அவரே முடிச்சை அவிழ்த்தார். பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

நான் புதைத்துவிட்டு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நான்தாங்க பாத்து நடக்கல. நானே பிள்ளயக் கொன்னுட்டேன்" என்றாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே அந்தச் சப்பாத்தின் அடியைத் தடவிப் பார்த்திருந்தேன். வாசலில் லயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.

"ஆமா, பாத்து நடந்திருக்கணும்" என்றேன்.