நாஷிகவோகாவில் எக்ஸ்பிரஸ் நிற்கும் காரணம்

நாஷிகவோகா என்றால் பேரிக்காய்க் குன்று. ரயில் கம்பெனி குன்றை மட்டமாக்கி வீடு கட்டியது, பேரி மரங்களை வெட்டி ஸ்டேஷன் கட்டியது, பெயரை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தது. ஆண்கள் விடிந்ததும் டோக்கியோவுக்கு ரயிலேறுவார்கள், தூங்க மட்டும் வருவார்கள். ஊரை நடத்தியது தொமோயே அக்கா மாதிரி ஆட்கள்தான். எந்தக் கிழமை எந்த வகைக் குப்பையை வெளியே வைக்கணும், மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அவர் கணவர் வாகிசாகாவுக்கு ஸ்டேஷனுக்குப் போகும் வழி தெரியும்.

அந்த மனிதர் ரிட்டயரானதும் குடியிருப்போர் சங்கத் தலைவராகிவிட்டார். அந்த வருஷம்தான் எக்ஸ்பிரஸ் இனி எங்கள் ஊரில் நிற்காது என்றது கம்பெனி. நிற்காத ஊரில் எவன் வீடு வாங்குவான்? ரிட்டயரான ஏழு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு, டோக்கியோ தலைமை அலுவலகத்தில் முறையிடக் கிளம்பினார்கள். அதிகாரிக்குக் கொடுக்கும் பலகாரப் பெட்டியைத் தூக்க அக்காவையும் கூட்டிக்கொண்டார்கள். பேச்செல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதுதான் வினை. ஏழு பேரும் தூங்கிவிட்டார்கள். அவரவர் பழைய ஆபீஸ் ஸ்டேஷன் வந்ததும் கண்ணைத் திறந்து, விறுவிறுவென்று இறங்கிப் போனார்கள். அக்கா கோட்டைப் பிடித்து இழுத்தும் வாகிசாகா நிற்கவில்லை.

தலைமை அலுவலகத்தில் அதிகாரி குனிந்து வணங்கிவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

"ஆபீஸ் போயிட்டாங்க," என்றார் அக்கா.

"ரிட்டயர் ஆனவங்கன்னு சொன்னாங்களே?"

"அவங்க ஆயிட்டாங்க. உடம்பு இன்னும் ஆகலைங்க. திரும்பி வரும்போது எங்க ஊர்ல வண்டி நின்னாதான் அந்த உடம்பு முழிக்கும். நிக்கலைன்னா ஊரு மொத்தமும் கடைசி ஸ்டேஷன்லதான் கிடக்கும். நீங்கதான் தினம் எழுப்பி அனுப்பணும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரிலேயே பார்க்கிறேன் என்று மாலை எக்ஸ்பிரஸில் அக்காவுடன் ஏறினார். போனில் கூப்பிட்டதும் அசடு வழிய வந்து சேர்ந்த ஏழு பேரும் ஏறிய உடனே தூங்கினார்கள். நாஷிகவோகாவுக்காக வேகம் குறைந்ததும் ஏழு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன, இறங்கின. அதிகாரி மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா எழுப்பவில்லை. கடைசி ஸ்டேஷன் குளிரை அவரும் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எக்ஸ்பிரஸ் இன்றும் நிற்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் வாகிசாகா எழுந்து, நம்ம ஊருக்காக ஏழு பேரும் போராடி ஜெயித்தோம் என்று முழங்கினார். நாங்கள் கை தட்டினோம். அக்காவும் தட்டினார்.

"நம்ம ஊர்ல நாளைக்கு என்ன குப்பைங்க?" என்று கேட்டார்.

தலைவர் ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்தார்.