மீற்றர் பலகைக்கு ஒரு சுவர்

அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்த றொஷானி, தீவுப்பகுதியில் வீடு வீடாகப் போய் வயரிங் வேலை செய்கிறவர். துணிச்சல்காரி என்று ஊரார் சொல்வார்கள். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

புளியங்கூடலில் தம்பிராசாவின் வீட்டுக்கு ஏழு மாதம் காத்திருந்து மின்சாரம் கிடைக்கவிருந்த நாள் அது. பதினொரு மணிக்கு லைன் இழுக்கிறவர்கள் வருவார்கள். அதற்குள் றோட்டுப் பக்கச் சுவரில் மீற்றர் பலகை இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்று சொல்ல ஏலாது.

பத்தேகாலுக்கு, இரண்டாவது துளையில் பற்றறி டிறில் கிறீச்சிட்டது. சாந்துத் தூளோடு மினுங்கும் துகள்களும் விழுந்தன. றொஷானி உடனே நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, நிப்பாட்டிப் போட்டீர்?"

"உள்ளுக்கை இரும்பு, அண்ணை. இந்தப் பக்கம் செல் குண்டு விழுந்ததோ? வெடிக்காமல் கிடந்தாலும் கிடக்கும்."

தம்பிராசாவுக்கு முகம் மாறியது. "தொண்ணூறிலை கனக்க விழுந்தது. பிறகு அப்பாதான் கிடந்த கல்லையெல்லாம் வைச்சுப் பூசினவர்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சின்னத் துண்டாத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி அடியுமன்."

"அப்ப நீங்கள் டிறிலைப் பிடியுங்கோ. நான் றோட்டிலை நிண்டு சொல்லுறன்."

தம்பிராசா டிறிலைத் தொடாமல் றோட்டுக்குப் போனார். றொஷானி போனை எடுப்பதைக் கண்டதும் கத்தினார். "ஆமிக்குச் சொன்னா வீடு வளவையே மறிச்சிடுவாங்கள் பிள்ளை!"

"மறிக்கட்டும். ஆள் இருந்தாத்தானே லைட் போடலாம்."

ஆமியை அழைக்கத்தான் றொஷானி போனை எடுத்திருந்தார். ஆனால் அதில் திசைகாட்டி இருந்தது. வள்ளத்தில் திசைகாட்டிக்குக் கிட்ட இரும்பு வைத்தால் அண்ணன் ஏசுவது நினைவுக்கு வந்தது. சுவரில் படாமல் போனை மெல்ல நகர்த்தினார். முள் துள்ளியது. நாலு விரல் தள்ளி மறுபடியும் துள்ளியது. துள்ளிய இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டார். கோடுகளுக்கிடையே ஒரே இடைவெளி.

அவற்றை முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணை, இதிலை யன்னல் இருந்ததோ?"

தம்பிராசா றோட்டில் நின்றபடியே சுவரை எட்டிப் பார்த்தார். "இருந்தது... ஓம், இருந்தது. ஆக்கள் எட்டிப் பாக்கிறாங்கள் எண்டு அப்பா அடைச்சவர். உள்ளுக்கை அலுமாரி நிக்குது. மறந்தே போனன்."

"எத்தினை கம்பி?"

"அது எப்பிடித் தெரியும்..." கண்ணை மூடினார். "பொறும். நடுக் கம்பியிலைதான் சின்னனிலை என்ரை தலை மாட்டினது. இஞ்சாலை ரெண்டு, அங்காலை ரெண்டு. ஐஞ்சு."

றொஷானி விலகினார். சுவரில் ஐந்து கோடுகள் இருந்தன.

அடைத்த கல் பலகையைத் தாங்காது. கடைசிக் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி, பழைய சுவரில் டிறிலை வைத்தார். போனை அங்கேயும் நகர்த்திப் பார்த்திருந்தார்; முள் அசையவில்லை. இருந்தும் தம்பிராசாவை றோட்டைவிட்டு வர விடவில்லை. நாலாவது திருகாணியை முறுக்கும்போது லொறி வந்து நின்றது.

இறங்கி வந்தவர் பலகையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"ஏன் தங்கச்சி இவ்வளவு ஓரத்திலை? நடுவிலை இடம் கிடக்குதே."

"அது யன்னல், அண்ணை."

அவர் வெறுஞ்சுவரைப் பார்த்தார், பிறகு றொஷானியைப் பார்த்தார். ஏணியை எடுக்கப் போனார்.