ஒரு லட்சத்து மூன்று

பச்சை ஏலக்காயைக் கிள்ளினால் வாசத்துக்கு முன்னால் ஒரு காரம் மூக்கில் ஏறும்; கோம்பையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், கொடியில் அம்மா விட்டுப்போன வேலைச் சேலையில் முகத்தை வைத்தாலும் அதே காரம்தான். "காய் எடுக்க" கேரள மலைக்குப் போகிற அம்மா தினமும் சாயங்காலம் ஜீப்பில் திரும்பிவிடுவாள். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் மட்டும் தூரத்து எஸ்டேட் என்பதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து விளக்கு வைத்த பிறகே வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் சுவரும்தான்.

அம்மா கிளம்பிய அன்று நான் முந்தானையை விடவில்லை. வகுத்தலில் நான் "புலி" என்று வாத்தியார் சொன்னதை ஞாபகம் வைத்திருந்த, பள்ளிக்கூடமே போகாத அம்மா, வாயில் வந்த ஓர் எண்ணைச் சொன்னாள்: "ஒரு லட்சத்து மூணு. இது மிச்சமில்லாம எதுல போகுதுன்னு பாரு ஆத்தா. நீ கண்டுபிடிக்கிற அன்னைக்கு நான் வந்துருவேன்."

காலண்டர் தாள்களின் பின்பக்கம் வகுத்தேன். ஒன்றாலும் அதே எண்ணாலும் வகுப்பது ஏமாற்று வேலை என்று எனக்கே தெரியும். இரண்டில் ஒன்று மிச்சம், மூன்றில் ஒன்று, ஏழிலும் ஒன்று; பதினொன்றில் இரண்டு, பதின்மூன்றில் ஏழு. அந்த ஒன்றைப் பார்த்தாலே ஆத்திரமாக வரும். வீட்டில் மிச்சம் கிடந்தது நான்தானே.

நாற்பத்தேழு வரை போய், அலுத்து, ஒரு சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழில் மிச்சமே இல்லை! ஈவு ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பது. திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன், கச்சிதமாக வந்தது. முன்பு போட்டதுதான் தப்பு என்று முடிவுகட்டி, தலை வாரிக்கொண்டு ஜீப் நிற்கிற முக்குக்கு ஓடினேன். ஒவ்வொரு ஜீப்பாக வந்தது, யார் யார் அம்மாக்களோ இறங்கினார்கள், என் அம்மா மட்டும் இறங்கவில்லை.

தேடி வந்த அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒரு சைபரை எங்கன விட்ட?" என்றார். லட்சத்து மூன்றைப் பத்தாயிரத்து மூன்றாக எழுதியிருக்கிறேன், பாவி! அம்மா வராமல் போனதற்கு அந்தச் சைபர்தான் காரணம் என்று நம்பி, வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

பொங்கலுக்கு அம்மா வந்தாள்.

"எதுல போச்சு?"

"எதுலயும் போகல."

"அடியாத்தி! பின்ன நான் எப்படி வந்தேன்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அது பகா எண், எந்த எண்ணிலும் மிச்சமில்லாமல் போகாது என்பதைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது செல்போனில் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறது. கோம்பை வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத சாயங்காலத்தில், சைபர்களை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு, இரண்டிலிருந்து முந்நூற்றுப் பதின்மூன்று வரையுள்ள அறுபத்தைந்து பகா எண்களாலும் கையால் வகுத்தேன்; அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. எல்லாவற்றிலும் மிச்சம் நின்றது. அந்த எண் எதிலும் போகாமலே ஒரு தடவை வந்தவள்தானே என்று, பேனாவை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.