வரைபடத்தில் திறந்திருந்த கேட்

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டல்லாஸைச் சுற்றி அப்படிப் பத்து ஊர்கள் இருக்கின்றன. தொண்ணூறுகளின் நடுவில், கணவரின் வேலைக்காக அங்கே ஓர் அபார்ட்மென்ட்டில் குடியேறினோம். முன்பக்கம் ஓர் ஓடை. வெயில் காலத்தில் கால் நனைக்கக்கூட அதில் தண்ணீர் இருக்காது. அதன்மேல் ஒரு தரைப்பாலம். வெளியே போக அது ஒன்றுதான் வழி. பின்பக்கம் இன்னொரு கேட் இருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

மற்றவர்கள் கண்ணில் அந்தப் பூட்டு பட்டிருக்காது. எனக்குப் பட்டது. தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் ஆறு வருடம் வரைவாளராக இருந்தவள் நான். டிபென்டென்ட் விசாவில் வந்ததால் இங்கே வேலை பார்க்க முடியாது. பொழுதும் போகவில்லை. ஒரு நாள் பஸ் பிடித்து சிட்டி ஹாலுக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் எங்கள் அபார்ட்மென்ட்டின் வரைபடத்தை எடுத்து விரித்தாள். பின் கேட் இருக்கும் இடத்தில் தெளிவாக எழுதியிருந்தது: அவசர காலத்தில் வெளியேறும் வழி.

“ஆனால் அது பூட்டியிருக்கிறதே” என்றேன் என் ஆங்கிலத்தில்.

“எங்கள் பதிவில் இரண்டு வழி இருக்கிறது, மேடம். உள்ளே இருப்பது தனியார் இடம். மேனேஜரிடம் கேளுங்கள்.”

மேனேஜரிடம் கேட்டேன். கார்கள் திருடு போவதால் பூட்டியிருக்கிறோம், அவசரத்துக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள கேட்டருகே சுவரில் பதித்த பெட்டியில் சாவி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். “உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கோம். இப்பப் போய் சிட்டிகூட ஃபைட் பண்ணணுமா?” என்றார். நான் விட்டுவிட்டேன். பயந்து விட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் நானே எத்தனையோ கல்யாண மண்டபங்களின் வரைபடத்தில், சுவர் மட்டுமே இருந்த இடத்தில், அதிகாரி சொன்னபடி வாசல் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

கீழ் வீட்டில் திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. புளியோதரை கிளறினால் எனக்கு ஒரு டப்பா வந்துவிடும். வசந்தத்தின் கடைசியில் ஒரு நாள், காலையிலிருந்து மழை கொட்டியது. மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, ப்ளீடிங் ஆவுதுக்கா. அவரு மீட்டிங்ல இருக்காரு போல, போனே எடுக்க மாட்டேங்காரு.”

நைன் ஒன் ஒன் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு செம்மண் தண்ணீர். பின் கேட்டுக்கு வருகிறோம் என்று போனில் சொன்னார்கள். அன்று என் கணவர் வீட்டில் விட்டுப் போயிருந்த காரின் பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து அங்கே ஓட்டிப் போனேன்.

ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்து கம்பிக்கு வெளியே நின்றது. சுவரில் இருந்த அந்தப் பெட்டியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அது பழைய பூட்டின் சாவி. பூட்டை மாற்றியவர்கள் பெட்டியில் புதுச் சாவியை வைக்கவில்லை. மேனேஜர் அன்று விடுமுறையில் இருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் கம்பியேறிக் குதித்து உள்ளே வந்து, ஊசி போட்டு, அவள் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கம்பிக்கு மேலாக அவளைத் தூக்கிப் போக முடியாது. சங்கிலியை வெட்டும் கத்தரி தீயணைப்பு வண்டியில் இருந்தது. வண்டிகளெல்லாம் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடிப் போயிருந்தன.

நான் கார் ஜாக்கியால் அந்தச் சங்கிலியை அடித்தேன். கை கிழிந்தது. சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அசைய மாட்டேங்குதுக்கா. காலைல கூட உதைச்சுது” என்றாள் காருக்குள்ளிருந்து.

தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சங்கிலியை வெட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். இந்த முறை கணவரிடம் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் கேட்டேன்.

“பேசுங்க. ஆனா என் விஷயத்த எடுக்காதீங்கக்கா. ஊர்ல யாருக்கும் நாங்க இன்னும் சொல்லல.”

ஆக, நடந்ததைச் சொல்ல முடியாமல் நடந்ததைப் பற்றிப் பேசப் போனேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். வரைபடத்தின் நகலைத் தூக்கிக் காட்டினேன். “இந்த வழியை நீங்கள்தானே அனுமதித்தீர்கள்? அது திறக்கிறதா என்று ஒரு தடவையாவது யாராவது போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். அதிகாரி ஒருவர் எழுந்து, ஆண்டுதோறும் சோதனை நடக்கிறது, இரண்டு வழிகளும் இருப்பதாகவே பதிவாகியிருக்கிறது என்றார். பெட்டிக்குள் சாவி இருந்தால் போதும். எந்தப் பூட்டின் சாவி என்று பார்க்கப் படிவத்தில் கட்டமில்லை. மேயர் சிரித்த முகமாக நன்றி சொன்னார். நேரம் காட்டும் பச்சை விளக்கு சிவப்பானதும் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து எழுந்தவர் நாய்களை விளையாட விட ஒரு பூங்கா கேட்டார். அவருக்குக் கைதட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். குடியிருப்பவர் ஒருவர் மழைநீர் வடிகால் பற்றிக் கருத்துத் தெரிவித்தார் என்று ஒரே ஒரு வரி. வடிகால் என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை.

பிறகு தரைப்பாலத்தின் அருகே, தண்ணீர் எத்தனை அடி என்று காட்டும் ஒரு கம்பத்தை நட்டார்கள். கேட்டுக்குப் புதுச் சங்கிலி வந்தது.

கீழ் வீட்டுக்காரர்கள் அந்த வருடமே கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை, அவள் கணவர்தான் எடுத்தார்.

“அவ தூங்குறா. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குரலைக் கேட்டா ரெண்டு நாளைக்கு ரொம்ப அப்செட் ஆயிடுறா. கொஞ்ச நாள் கால் பண்ணாதீங்களேன், ப்ளீஸ்.”

சரிங்க என்று வைத்துவிட்டேன். அதன்பின் நான் கூப்பிடவில்லை.